குட்டி பால் பைத்தானுக்கு எந்தக் கூண்டு? டெல்டாவில் கிடைக்கும் மூன்று வகைகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி பக்கம் பால் பைத்தான் (ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பின் குட்டிக்குக் கூண்டு தேடினால் மூன்று வகைதான் கையில் கிடைக்கும். பாத்திரக் கடையில் விற்கும் கிளிப் மூடி பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அலங்கார மீன் கடையில் ஒட்டித் தரும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி இன்னொன்று. தச்சரிடம் அளவு சொல்லிச் செய்து வாங்கும் பிவிசி பலகைக் கூண்டு மூன்றாவது. மூன்றிலும் பாம்பு வளர்க்கலாம். ஆனால் முட்டையை விட்டு வந்து ஓரிரு மாதமே ஆன, ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள குட்டிக்கு நம் ஊர் வெயிலிலும் அடைமழையிலும் ஒத்துவருவது பிளாஸ்டிக் டப்பாதான். விலை குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சூடு, ஈரம், காற்று மூன்றையும் நம் பிடியில் வைத்துக்கொள்ள அதில்தான் எளிதாக முடிகிறது.

கூண்டுக்கு முன்னால் சட்டம். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்தின் வழியே நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றைக் கேளுங்கள். இழுத்தடித்தால் அங்கே வாங்காதீர்கள். கொள்ளிடக் கரையிலும் கரும்புத் தோட்டத்திலும் தென்படும் நம்மூர் மலைப்பாம்பு வேறு இனம், முதல் அட்டவணையில் இருப்பது. குட்டிதானே என்று அதை வீட்டில் வைத்தால் சிறைத் தண்டனை உண்டு. கண்ணில் பட்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள்.

இனி பாம்புக்கு என்ன வேண்டும் என்பது. சொந்த நாட்டில் இது எலி வளையிலும் கைவிடப்பட்ட கரையான் புற்றிலும் பகலைக் கழிக்கும் உயிர். இடுக்கு, இருட்டு, மிதமான ஈரம், மாறாத சூடு ஆகியவைதான் அதற்குப் பழக்கம். கூண்டின் ஒரு பக்கம் தரை 31 முதல் 33 டிகிரி வரை இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 25 முதல் 27 வரை. இரவில் 24-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஈரப்பதம் 60-70 சதவீதம். சட்டை உரிக்கும் நாட்களில் 75-80. குட்டி தானாக நகர்ந்து தனக்கு வேண்டிய சூட்டைத் தேடிக்கொள்ளும். அதற்கு இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும், இரண்டு பக்கத்திலும் ஒளிந்துகொள்ள இடமும் இருக்க வேண்டும். சூட்டுப் பக்கம் மட்டும் பொந்து வைத்தால், வேக்காடு எடுத்தாலும் குட்டி வெளியே வராது. வெட்டவெளிக்கு வருவதைவிடச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளவே அது பார்க்கும்.

பிளாஸ்டிக் டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளளவு சுமார் 40 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் என்று பாருங்கள். கடையில் 15 முதல் 18 லிட்டர் என்று சொல்லி விற்பது இந்த அளவில் வரும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் பாலிப்ரொப்பிலீன். துளை போட்டால் விரிசல் விடாது. கண்ணாடி மாதிரி பளபளக்கும் கெட்டியான டப்பா சூடான முனை பட்டதும் கீறிவிடும், வேண்டாம். சக்கரம் வைத்த டப்பாவும் வேண்டாம். அதன் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் சூடு தரும் மின்சார விரிப்பான ஹீட் மேட் ஒட்டாது. மூடியைப் போட்டு, கிளிப் இல்லாத நீளப் பக்கத்தின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி விழுந்தால் குட்டி அதில் தலையை விட்டு, மீதி உடம்பையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட மூடிக்கு அலுவலகங்களில் காகிதக் கட்டுக்குப் போடும் பெரிய பைண்டர் கிளிப் இரண்டு போதும்.

காற்றுத் துளையைச் சால்டரிங் அயர்னால் போடலாம். 3 முதல் 4 மி.மீ. விட்டம், இரண்டு நீளச் சுவரிலும் மேல் மூன்றில் ஒரு பாகத்தில், சுவருக்கு இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து. மூடியில் துளை வேண்டாம். சூடும் ஈரமும் அந்த வழியே நேராக வெளியேறிவிடும். புகை கெட்டது, எனவே திண்ணையிலோ கொல்லையிலோ வைத்துப் போடுங்கள். துளை ஆறியதும் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வந்த முதல் வாரத்தில் குட்டி இரவெல்லாம் சுவரோரம் மூக்கை உரசிக்கொண்டு சுற்றும். பிசிறு இருந்தால் மூக்குச் செதில் புண்ணாகும்.

சூட்டுக்கு 7 வாட் ஹீட் மேட் ஒன்று. சுமார் 15-க்கு 28 செ.மீ. அளவில் வருவது டப்பாவின் மூன்றில் ஒரு பாகத்துக்குச் சரியாகப் பொருந்தும். வெளியே, அடியில் ஒட்ட வேண்டும். உள்ளே ஒருபோதும் வைக்கக் கூடாது. டப்பாவின் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் ஒட்டி ஐந்து மி.மீ. தூக்கி, தரை ஓடு ஒன்றின் மேல் வையுங்கள். மர மேசையில் அழுத்தமாக வைத்தால் சூடு போக வழியில்லாமல் மேட்டின் நடுப்பகுதி காந்திப்போகும். பெரிய மேட் வாங்கினால் பின்னால் பெரிய கூண்டுக்கும் உதவுமே என்று 20 வாட் வாங்காதீர்கள். சூட்டை அளந்து மேட்டை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்றைக்காவது கைவிட்டால் 7 வாட்டில் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், 20 வாட்டில் கிடைக்காது.

உண்மையில் இந்தக் கூண்டின் உயிர் தெர்மோஸ்டாட்டில்தான் இருக்கிறது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் எஸ்டிசி 1000 வகையைத்தான் இங்கே பெரும்பாலோர் வாங்குகிறார்கள். காசுக்கு மேலாகவே உழைக்கும். குறை என்னவென்றால், அது வெறும் கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டுமே. பிளக், சாக்கெட், ஃபியூஸ் எதுவும் கூட வராது. எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் வாங்கி, முன்பக்கம் 71-க்கு 29 மி.மீ. வெட்டி அதில் பொருத்த வேண்டும். பின்னால் எட்டு முனைகள்: 1, 2 மின்சாரத்துக்கு, 3, 4 சென்சாருக்கு, 5, 6 சூட்டுக்கு, 7, 8 குளிர்விப்புக்கு. மேட்டுக்குப் போகும் ஃபேஸ் வயரை 5, 6 வழியாகத்தான் எடுக்க வேண்டும். மாற்றி 7, 8-ல் கொடுத்தால் சூடு ஏற ஏற அது மேட்டை இயக்கும், நிறுத்தவே செய்யாது. காலையில் அறை குளிர்ச்சியாக இருக்கும்போது சோதித்தால் இந்தத் தப்பு தெரியாது. மேட் அணைந்துதான் கிடக்கும். அதனால் குட்டியை விடுவதற்கு முன்பே சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். எண் ஏறி வைத்த அளவைத் தாண்டியதும் சூட்டு விளக்கு மட்டுமல்ல, அதுவரை ஓடிய மேட்டும் அணைய வேண்டும். வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அமைப்பில் எஃப்1 வேண்டிய சூடு: 32-ல் தொடங்குங்கள். எஃப்2 வித்தியாசம்: 0.5 அல்லது 1. எஃப்3 ஃப்ரிட்ஜ் கம்ப்ரசருக்கான தாமதம், நமக்கு வேலையில்லை. எஃப்4 திருத்தம். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சார் முனையை மூன்று நிமிடம் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும், 1.2 காட்டினால் எஃப்4-ல் கழித்தல் 1.2 வையுங்கள். சென்சார் வயர் அறுந்தால் திரையில் EE என்று வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும், அது பாதுகாப்பானதுதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சென்சார் நல்ல நிலையில், ஆனால் ஒட்டிய இடத்திலிருந்து நழுவித் தரையில் கிடந்தால், அது அறையின் 26 டிகிரியைப் பார்த்துக்கொண்டு மேட்டை ஓயாமல் ஓட்டும். வீட்டு வளர்ப்பில் வயிறு வெந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேட்டுக்கும் டப்பா அடிக்கும் நடுவில் வைத்து அலுமினியம் ஃபாயில் டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள், வயரையும் ஓர் இடத்தில் கட்டிவிடுங்கள், வாரம் ஒரு முறை அடியைப் பாருங்கள். டப்பாவுக்குள்ளே எந்த டேப்பும் கூடாது. பாம்பின் தோலில் ஒட்டினால் செதிலோடுதான் வரும்.

மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, உள்ளே தரையில் பரப்பிய கூளத்தை விலக்கி வெறும் பிளாஸ்டிக் தரையின் சூட்டை வேறொரு தெர்மாமீட்டரில் அளந்து பாருங்கள். குட்டி தோண்டிக்கொண்டு அங்கேதான் போய்ப் படுக்கும். அங்கே 34-ஐத் தாண்டக் கூடாது. மேற்பரப்பு குளிர்ந்திருக்கிறதே என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். கூளம் தடிமனாக இருந்தால் சூடு மேலே வராமல் அடியிலேயே தங்கிவிடும். கூளத்தைக் குறைப்பதுதான் சரி.

கண்ணாடித் தொட்டியைப் பார்க்க அழகு, விருந்தாளிக்குக் காட்ட வசதி. அதைத் தாண்டிக் குட்டிக்கு அதில் பெரிய லாபம் இல்லை. மீன் கடைத் தொட்டியின் மேல் மூடி பெரும்பாலும் சும்மா வைத்த கண்ணாடித் துண்டுதான். குட்டி அதை நெம்பித் தள்ளும். கம்பிவலைச் சட்டம் போட்டால் சூடும் ஈரமும் மேலே போய்விடும், அதை ஈடுகட்ட 40 வாட் குண்டு பல்பு போடுவார்கள், உள்ளே பாலைவனமாகிவிடும், சட்டை துண்டு துண்டாக உரியும். ஐப்பசி கார்த்திகையில் நிலைமை தலைகீழ். அடியில் சூடு, கண்ணாடிச் சுவர் குளிர்ச்சி. உள்ளே வியர்த்து நீர் வழிந்து கூளம் சொதசொதவென்று ஆகும். அதில் நாள்கணக்கில் கிடந்தால் வயிற்றுச் செதில் பழுப்பேறி அழுகத் தொடங்கும். ஏற்கெனவே தொட்டி வாங்கிவிட்டீர்களென்றால் மூன்று பக்கத்துக்கு வெளியே கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள், பூட்டு வைத்த மூடி செய்யுங்கள், புதிதாக ஒட்டிய சிலிக்கனின் புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், காற்றாட வையுங்கள்.

பிவிசி பலகைக் கூண்டு மூன்றிலும் நேர்த்தியானது, சந்தேகமே இல்லை. சமையலறை அலமாரிக்கு மல்டிவுட் என்னும் பிவிசி பலகையில் வேலை செய்யும் தச்சர் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார். 12 மி.மீ. பலகை, முன்பக்கம் நகரும் கண்ணாடி, பின்சுவரில் எதிரெதிர் மூலைகளில் காற்றுத் துளை. பிளைவுட்டில் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் ஊறிப் பிரியும், கரையானும் விடாது. ஆனால் இதைக் குட்டி 300 கிராம் தாண்டிய பிறகு 60-க்கு 45 செ.மீ. அளவிலும், முழுதாக வளர்ந்த பிறகு 120-க்கு 60 அளவிலும் செய்துகொள்ளுங்கள். பெரிய கூண்டில் குட்டியை விட்டால் கெட்டுப்போகும் என்றில்லை. அந்த இடம் முழுக்க மறைப்பும் பொந்தும் இலையுமாக அடைத்து வைக்க வேண்டும். வெறுமையாக விட்டால் குட்டி பயந்து சாப்பிட மறுக்கும். சாப்பிடாத குட்டியைக் கொண்டுவந்து காட்டுபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கூண்டுக்குள் எத்தனை பொந்து என்பதுதான்.

பொந்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை. கொட்டாங்கச்சி இந்த வயதுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். சுருண்டு படுத்த குட்டியின் உடம்பு சுவரில் உரச வேண்டும், அதுதான் சரியான அளவு. விளிம்பில் மூன்று செ.மீ. அளவுக்கு வாசல் வெட்டி, நாரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு வெயிலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் போடலாம். ஒரே மாதிரி இரண்டு, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர் பக்கம் ஒன்று. குட்டி வளர்ந்த பிறகு மண் கலயத்தைப் பக்கவாட்டில் வாசல் வைத்துக் குயவரிடம் சொல்லி வாங்குங்கள். மெருகு போடாத மண் தண்ணீரை உறிஞ்சி மெல்ல விடும் என்பதால் சட்டை உரிக்கும் காலத்தில் அதைவிட நல்ல பொந்து கிடையாது. கனமான மண் பாத்திரத்தைக் கூளத்தின் மேல் வைக்காதீர்கள், டப்பாவின் தரையில் பதிய வையுங்கள். குட்டி அடியில் தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடும்.

கூளமாக முதல் ஒரு மாதம் செய்தித்தாளோ டிஷ்யூவோ போடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் எச்சம் எப்படி இருக்கிறது, உண்ணி இருக்கிறதா என்பது வெள்ளையில் உடனே தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரி கரும்புள்ளிகள் கிடந்தால் உண்ணிதான். அதன் பிறகு தேங்காய் நார்க்கழிவு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமா? நர்சரியில் கட்டியாகவே கிடைக்கும். 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு லிட்டருக்குக் குறையாமல் வரும். மூன்று செ.மீ. ஆழத்துக்கு நம் டப்பாவுக்கு வேண்டியது மூன்றரை லிட்டர்தான். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்து, கையில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது என்ற பதத்துக்கு உலர்த்துங்கள். வைக்கோல், உமி இரண்டும் வேண்டாம். களத்தில் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். உமித் தூசு மூச்சில் போகும், ஈர வைக்கோல் பூஞ்சைக்கு வீடு. சிடார், பைன் மரச் சீவலும் ஆகாது.

ஈரப்பதம் பார்க்க முள் வைத்த மீட்டர் வாங்காதீர்கள், டிஜிட்டலே வாங்குங்கள், அதையும் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு பதத்துக்குக் குழைத்து, மீட்டரோடு ஜிப் கவரில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். வேதாரண்யத்துக் கல்லுப்பு இதற்கு உதவாது. அதில் மிச்சமிருக்கும் மக்னீசிய உப்பு ஈரத்தை இழுத்துக் கணக்கைக் கீழே தள்ளிவிடும்.

நம் ஊரில் பருவத்துக்கு ஒரு தொல்லை. வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் சூடேற்றுவதைப் பற்றியே பேசும், இங்கே கத்திரி வெயிலில் பாம்பைக் கொல்வது சூடுதான். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை மதியத்தில் 36-ஐச் சாதாரணமாகத் தொடும். அந்த மாதங்களில் டப்பாவைக் கீழ்த்தளத்தில், நடு அறையில், தரையை ஒட்டி வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றி, குளிர் பக்க மூடியின் மேல் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அறையிலேயே ஈரப்பதம் 85, 90 என்று நிற்கும். அப்போது தண்ணீர் தெளிப்பதை அடியோடு நிறுத்தி, கிண்ணத்தைக் குளிர் பக்கத்துக்கு மாற்றி, இன்னொரு வரிசை துளை போட்டுவிட வேண்டும். கோடையில் ஈரம் குறைந்தால் கிண்ணத்தைச் சூட்டுப் பக்கம் நகர்த்தினாலே போதும். மேட் உண்மையில் வேலை செய்வது மார்கழி, தை இரவுகளில். வெளியே 20, 21 வரை இறங்கும்போது மேட் இல்லாத குட்டிக்குச் சளி பிடித்து, வாயைத் திறந்து மூச்சுவிடும். அந்த நிலைக்கு வந்தால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்ப்பார்களா என்று குட்டி வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

புயல் காலத்து மின்வெட்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதத்தில் வீட்டுக்குள் 24, 25 டிகிரி இருக்கும். பால் பைத்தான் அதைச் சில நாள் தாங்கும். இரை மட்டும் கொடுக்கக் கூடாது. சூடில்லாமல் செரிக்காது, வெளியே கக்கிவிடும். கரண்ட் வந்து சூடு சரியாகி ஒரு நாள் போன பிறகு கொடுங்கள்.

டப்பா வைக்கும் இடத்தில் கொசுவத்தி, கொசுவிரட்டித் திரவம், கற்பூரம், சாம்பிராணி, ஃபினாயில், பாச்சை உருண்டை எதுவும் கூடாது. மூடிய டப்பாவில் அந்தப் புகையும் வாடையும் தங்கிவிடும். எறும்புக்கு மருந்து தூவாமல், ஸ்டாண்டின் காலைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணியில் வையுங்கள். மீந்துபோன இரையை அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் எறும்பு அந்தப் பக்கமே வராது.

எல்லாம் வாங்கி, குட்டி இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். காலை, மதியம், நள்ளிரவு என மூன்று வேளை இரண்டு பக்கத்தின் சூட்டையும் தனித்தனியே குறித்து, ஒவ்வொரு பக்கத்திலும் வேளைக்கு வேளை வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் அடங்கிய பிறகு குட்டியைக் கொண்டு வாருங்கள். வந்ததும் ஐந்து முதல் ஏழு நாள் தொடாமல், தண்ணீர் மட்டும் மாற்றி, டப்பாவின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி விட்டுவிடுங்கள். முதல் இரை அதற்குப் பிறகுதான்.